கட்டுத்தறியா, திறந்த பட்டியா? பத்துக் கறவை மாட்டுக்குக் கொட்டகை போடும்முன்

கொட்டகை போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது கூரைக்குத் தகரமா, சிமெண்ட் அட்டையா என்பதைத்தான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மாடு நாள் முழுக்கக் கட்டுத்தறியில் நிற்கப் போகிறதா, பட்டிக்குள் அவிழ்த்து விட்டபடி இருக்கப் போகிறதா? கூரை, தரை, தீவனத் தொட்டி, தண்ணீர், ஆள் கூலி எல்லாம் இந்த ஒன்றைப் பொறுத்தே மாறும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஐந்து மாட்டுக்கு மேல் இருந்து, மூன்று சென்ட் இடமும் இருந்தால், திறந்த பட்டிதான் சரி. வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடு, சுற்றிலும் சுவர் என்றால் கட்டித்தான் வளர்க்க வேண்டும். ஆனால் இன்று பெரும்பாலான தொழுவங்களில் கட்டியிருக்கிற விதத்தில் கட்டக் கூடாது.

அவிழ்த்து விட்டு வளர்ப்பது வெளிநாட்டுப் பண்ணை முறை என்று பலர் நினைக்கிறார்கள். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகள் வேறென்ன? கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் உள்ள நிலத்தில் மாடுகளைக் கயிறில்லாமல் விட்டு, படலைச் சாத்திவிட்டு வருவது கொங்கு நாட்டில் காலங்காலமாக நடப்பது. கலப்பின ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) மாடுகள் வந்த பிறகுதான், பால் கறக்கும் மாடு கட்டிலேயே நிற்க வேண்டும் என்ற பழக்கம் உறுதிப்பட்டது.

இடக் கணக்கும் கூரைக் கணக்கும்

கட்டுத்தறி முறையில் ஒரு மாடு நிற்க 1.5 முதல் 1.7 மீட்டர் நீளமும் 1.05 முதல் 1.2 மீட்டர் அகலமும் வேண்டும். பத்து மாட்டை இரண்டு வரிசையாக, வால்புறம் நடுவழியைப் பார்க்கும்படி கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வரிசையில் ஐந்து மாடு, 6 மீட்டர் நீளம். அகலத்துக்கு இருபுறமும் தொட்டி 60 செ.மீ., நிற்குமிடம் 1.7 மீட்டர், சாணக் கால்வாய் 30 செ.மீ., நடுவே 1.5 மீட்டர் வழி, தீவனம் போட வெளியோரத்தில் ஒவ்வொரு மீட்டர். மொத்தம் 8.7 மீட்டர். ஆக 52 சதுர மீட்டர், சுமார் 560 சதுர அடி. அத்தனையும் கூரைக்குக் கீழே வர வேண்டும்.

திறந்த பட்டியில் ஒரு பசுவுக்குக் கூரையுள்ள இடம் 3.5 சதுர மீட்டர், திறந்த வெளி 7 சதுர மீட்டர் என்பது பொதுவான அளவு. எருமைக்கு 4, 8 என்று கொள்ளலாம். பத்துப் பசுவுக்கு 35 சதுர மீட்டர் கூரை, 70 சதுர மீட்டர் வெளி. மொத்தம் சுமார் 1,130 சதுர அடி, இரண்டரை சென்ட்டுக்குச் சற்று மேல். இடம் இரண்டு மடங்கு ஆகிறது, கூரை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

அந்தக் கூரை மிச்சத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். 3.5 என்பது கீழ்வரம்பு. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடிக்கும் ஊர்களில் எல்லா மாடும் ஒரே நேரத்தில் கூரைக்குள் படுக்க வேண்டிவரும். அப்போது 3.5 போதாது, அடிவாங்கும் மாடு வெளியே மழையில் நிற்கும். கடலோர மாவட்டங்களில் மாட்டுக்கு 5 சதுர மீட்டர் கூரை போடுங்கள். அப்படிப் போட்டால் கூரைச் செலவு இரண்டு முறைக்கும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். திறந்த பட்டியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் கூரையில் மிச்சமாகும் பணம் இல்லை. காரணம் மாடு படுப்பதில் இருக்கிறது.

படுக்கிற மாடுதான் கறக்கும்

நல்ல நிலையில் உள்ள கறவை மாடு ஒரு நாளில் 10 முதல் 12 மணி நேரமாவது படுத்திருக்கும். ஒரு லிட்டர் பால் சுரக்க மடி வழியாக 400 முதல் 500 லிட்டர் ரத்தம் ஓட வேண்டும். மாடு படுத்திருக்கும்போது மடிக்குப் போகும் ரத்தம் ஏறத்தாழ கால் பங்கு கூடுகிறது. படுக்க வசதியில்லாத மாடு நின்றபடியே அசை போடும். குளம்பில் எடை ஏறிக்கொண்டே இருக்கும், பின்னங்கால் முட்டி வீங்கும், பால் இறங்கும். தீவனத்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் பால் ஏறவில்லை என்கிற பல தொழுவங்களில் குறை தரையிலும் கயிற்றிலும்தான் இருக்கிறது.

மாடு எழுவதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் தலையை முன்னால் வீசும். அந்த வீச்சில் பின்பகுதி எழும், பிறகு முன்கால். அந்தத் தலை வீச்சுக்கு முன்னால் இரண்டு, மூன்று அடி வெற்றிடம் வேண்டும். கட்டுத்தறியில் இரண்டடிக் கயிறும், மூக்குக்கு நேராக உயர்ந்த தொட்டிச் சுவரும் இருந்தால் அந்த வீச்சு வீச முடியாது. மாடு குதிரைபோல முன்கால் ஊன்றி எழப் பார்க்கும், இல்லையென்றால் நாய் உட்காருவதுபோல் பாதியில் நிற்கும். இதைக் கண்டால் உடனே கயிற்றை நீட்டுங்கள். தொட்டியின் மாட்டுப்பக்கச் சுவர் 50 செ.மீ. உயரத்துக்கு மேல் போகக் கூடாது. தொட்டியின் அகலம் 60, ஆழம் 40 செ.மீ. இருந்தால் வளர்ந்த மாட்டுக்குப் போதும். தொட்டியின் உட்தரை மாட்டின் கால்மட்டத்தைவிட நான்கைந்து அங்குலம் உயரமாக இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் மாடு முட்டி போட்டுத் தின்னும்.

இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. மாடு படுக்கிற தரையில் நீங்களே இரண்டு முட்டியையும் சட்டென்று ஊன்றிப் பாருங்கள். உங்களுக்கு வலித்தால் 400 கிலோ மாட்டுக்கும் வலிக்கும். அரை நிமிடத்தில் வேட்டி நனைந்தால் மாட்டின் மடியும் நாள் முழுக்க நனைந்துதான் கிடக்கிறது. தீவனம் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது பாதிக்கு மேல் மாடுகள் படுத்திருக்க வேண்டும். திறந்த பட்டியில் இது தானாக நடக்கும். கட்டுத்தறியில் தரையும் கயிறும் சரியாக அமைந்தால் மட்டும் நடக்கும்.

சினைப்பருவம் பார்க்கிற விஷயத்திலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். மாட்டுக்கு 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வருகிறது. அவிழ்த்து விட்ட மாட்டில் ஒன்றன்மேல் ஒன்று தாவுவதும், தாவக் கொடுத்து அசையாமல் நிற்பதும் கண்ணுக்கு நேராகத் தெரியும். கட்டிய மாட்டில் கத்தலையும், கண்ணாடிபோல் வடியும் வழும்பையும் நம்பித்தான் இருக்க வேண்டும். பல கலப்பின மாடுகள் கத்துவதே இல்லை. ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 21 நாள் தீவனம் வீண், அடுத்த ஈற்றும் அவ்வளவு தள்ளிப்போகும். காலையில் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போடுவதுதான் வழக்கம். பருவம் தொடங்கியது எப்போது என்று தெரிந்தவருக்குத்தான் அந்தக் கணக்கும் உதவும்.

திறந்த பட்டியின் தொல்லைகள்

முதல் தொல்லை சேறு. ஒரு மாடு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ சாணம் போடுகிறது. பத்து மாட்டின் சாணமும் மூத்திரமும் மழையும் ஒரே மண்ணில் விழுந்தால் ஒரு வாரத்தில் கணுக்கால் அளவு சேறு. அதிலிருந்து குளம்பழுகல், பிறகு மடிநோய். மாடு அதிக நேரம் நிற்பது தீவனத் தொட்டி ஓரத்திலும் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலும்தான். அந்த இரண்டு இடத்திலும் எட்டிலிருந்து பத்தடி அகலத்துக்குக் கான்கிரீட் போட்டுவிட்டால் சேற்றில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மீதி இடம் செம்மண் கிராவல் கொட்டிக் கெட்டித்த மண் தரையாகவே இருக்கலாம். நடுவில் மேடாக்கி, தண்ணீர் நான்கு பக்கமும் ஓடிப்போகிற மாதிரி இரண்டடி உயரத்தில் திட்டு ஒன்று அமைத்தால் மழை விட்டதும் மாடுகள் அதில்தான் போய்ப் படுக்கும். ஏரிக்கரை ஓரத்து நிலம், நெல் வயலுக்குப் பக்கத்துத் தாழ்வான நிலம் என்றால் முதலில் மண்ணடித்து நிலத்தை உயர்த்துங்கள். அதற்கு வழியில்லாவிட்டால் திறந்த பட்டி வேண்டாம்.

இரண்டாவது தொல்லை முட்டும் மாடு. கூட்டத்தில் ஒரு தலைமை மாடு எப்போதும் இருக்கும், கடைசி மாடும் இருக்கும். கடைசி மாட்டுக்குத் தீவனம் கிடைக்க மாட்டுக்கு 75 செ.மீ. தொட்டி நீளம் தேவை, பத்து மாட்டுக்கு 25 அடி. தொட்டியில் இடம் குறைந்தால் தீவனத்தை எத்தனை கிலோ கூட்டினாலும் கடைசி மாடு மெலியும். தண்ணீர்த் தொட்டியை ஒன்றாக வைக்காமல் எதிரெதிர் மூலையில் இரண்டாக வையுங்கள். கூரைக்குள் நுழைய ஒரே வாசல் வைத்தால் தலைமை மாடு அதில் நின்றுகொள்ளும். ஒரு பக்கம் முழுக்கத் திறந்திருப்பதே நல்லது. கொம்பு மாடும் கொம்பில்லா மாடும் கலந்திருந்தால் மடியிலும் விலாவிலும் குத்துப்படும். கன்று பிறந்த இரண்டு வாரத்துக்குள், கொம்புக்குருத்து மண்டையோட்டோடு ஒட்டும் முன்பே, கால்நடை மருத்துவரை வைத்து மரப்பு ஊசி போட்டுக் கொம்பு சுட்டுவிடுவது பின்னால் வரும் எத்தனையோ காயத்தைத் தவிர்க்கும்.

மூன்றாவது, அடர்தீவனம். கறக்கும் அளவுக்கு ஏற்றபடி ஒவ்வொரு மாட்டுக்கும் தனியாக வைக்க வேண்டும். திறந்த பட்டியில் பொதுத் தொட்டியில் கொட்டினால் எட்டு லிட்டர் மாடு பதினைந்து லிட்டர் மாட்டின் பங்கையும் தின்றுவிடும். இதற்குத் தீர்வு, தீவனத் தொட்டி ஓரத்தில் கழுத்தைப் பிடிக்கும் கம்பிப் பூட்டு. உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்யலாம். பூட்டிய நிலையில் கழுத்துக்கு 7 முதல் 8 அங்குல இடைவெளி இருக்க வேண்டும். கம்பிப் பூட்டுக்குக் காசில்லை என்றால், தொட்டிச் சுவரில் மாட்டுக்கு ஒரு வளையம் பதித்து, கறக்கிற நேரம் மட்டும் கட்டினாலும் போதும். காலை ஒன்றரை மணி நேரம், மாலை ஒன்றரை மணி நேரம் கட்டு, மீதி நேரம் விடுதலை. ஊசி போட, சினை பார்க்க, லாடமடிக்க எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடு உதவும். பத்து மாட்டுக்காரருக்கு நாங்கள் சொல்வது இந்தக் கலப்பு முறையைத்தான்.

கறந்து முடித்த கையோடு பசுந்தீவனத்தைப் போட்டுவிட்டு அவிழ்த்து விடுங்கள். கறந்த பிறகு காம்புத் துளை மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை மாடு நின்று தின்றுகொண்டிருந்தால் சாணத்தில் படுத்து மடிநோய் வாங்காது.

கட்டித்தான் ஆக வேண்டும் என்றால்

தரையில் கஞ்சத்தனம் கூடாது. கெட்டித்த ஜல்லி மேல் நான்கு அங்குலக் கான்கிரீட், தொட்டியிலிருந்து கால்வாய்ப் பக்கம் 40-க்கு 1 சரிவு, அதாவது 1.7 மீட்டருக்கு 4 செ.மீ. இதைவிடச் சரித்தால் நிறைசினை மாட்டுக்கு அடித்தள்ளல் (பிறப்புறுப்பு வெளியே பிதுங்குவது) வரும். சரிவே இல்லையென்றால் மூத்திரம் தேங்கும். கரண்டியால் வழுவழுவென்று தேய்க்கவே கூடாது. ஈரமாக இருக்கும்போதே நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக, ஒரு செ.மீ. ஆழத்தில் கோடு இழுத்துவிடுங்கள். வழுக்கி விழுந்து இடுப்பு போன மாடு பெரும்பாலும் திரும்ப எழுவதில்லை. புதுக் கான்கிரீட் குளம்பை அரிக்கும். நன்றாக நீராற்றி, பலமுறை கழுவிய பிறகே மாட்டை ஏற்றுங்கள்.

கான்கிரீட் மேல் ரப்பர் பாய் போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம், போட வேண்டும். ஆறரைக்கு நான்கடி பாய், 17 மி.மீ. தடிமனுக்குக் குறையாமல் வாங்குங்கள். பாய் போட்டுவிட்டு மறந்துபோவதுதான் தப்பு. அடியில் மூத்திரம் தேங்கி நாறும், புழு வைக்கும். பாயின் அடிப்பக்கம் கோடுகள் உள்ளதாக இருக்கட்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு ஆள் சேர்ந்து தூக்கிக் கழுவட்டும். பாய் வாங்க முடியாதவர்கள் காய்ந்த வைக்கோலைப் பரப்பினாலும் சரிதான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவு எளிதாகக் கிடைக்கிறது. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் தினம் இரண்டு முறை கிளறிவிட வேண்டும். கையில் பிடித்து அழுத்தும்போது நீர் கசிந்தால் மாற்றிவிடுங்கள். ஈர மரத்தூள் வேண்டவே வேண்டாம், அதில் வளரும் கிருமி உண்டாக்கும் மடிநோய் மருந்துக்கு எளிதில் கட்டுப்படாது.

கயிறு கழுத்தில் உருவாஞ்சுருக்காக இருக்கக் கூடாது. மாடு பின்னால் இழுத்தால் அது இறுகும். கழுத்தில் இறுகாத முடிச்சு, தறிப் பக்கம் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. மூக்கணாங்கயிற்றை நேராகத் தறியில் கட்டாதீர்கள். மெல்லிய நைலான் கயிறு தோலை அறுக்கும், பருத்திக் கயிறு நல்லது. நாளொன்றுக்கு இரண்டு முறையாவது, மொத்தம் மூன்று நான்கு மணி நேரம், வெளியே அவிழ்த்து விட ஓர் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் கட்டுத்தறி மாடு அதிகம் ஏமாறுகிறது. கறக்கிற மாட்டுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 லிட்டர் வேண்டும், சித்திரை வெயிலில் இன்னும் கூடும். காலையும் மாலையும் ஒரு வாளி காட்டினால் 30, 40 லிட்டரில் நின்றுவிடும். இரண்டு மாட்டுக்கு நடுவே எப்போதும் தண்ணீர் நிற்கும் சிறு தொட்டி ஒன்று வைத்தாலே சில நாளில் பாலில் மாற்றம் தெரியும். எந்த முறையானாலும் தொட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலி செய்து தேய்த்து, சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டு நிரப்புங்கள்.

கூரையும் காற்றும்

தென்னங்கீற்றுக்கு ஈடான குளிர்ச்சி வேறு கூரையில் இல்லை. ஆனால் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எலியும் பாம்பும் சேரும், தீப்பிடித்தால் கட்டிய மாடு தப்பாது. தகரம் மலிவு, ஆனால் வெப்பத்தைக் கீழே இறக்கும். தகரம் போட்டால் ஓரத்து உயரம் பத்தடியும், நடு முகடு பதினான்கு அடியும் இருக்கட்டும், மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துக் கீற்றும் பரப்புங்கள். நாட்டு ஓடு, மங்களூர் ஓடு நன்றாகவே இருக்கும், மரச்சட்டம் கிடைக்கிறவர்களுக்கு. கல்நார் சிமெண்ட் அட்டை உடையும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு. புதிதாகப் போடுபவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

பக்கச் சுவர் கட்டப் பணம் வைத்திருப்பவர்கள் அந்தப் பணத்தைக் கூரை உயரத்தில் போடுங்கள். சாரல் அடிக்கும் பக்கம் மூன்றடிச் சுவர் போதும், மற்றதெல்லாம் திறந்திருக்கட்டும். மாடு படுக்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் காற்று போதவில்லை. சுவர் விரிசலில்தான் உண்ணி ஏறி முட்டையிடும், தைலேரியா காய்ச்சல் வருவது அந்த உண்ணியால்தான். சுவர் இருந்தால் விரிசலைப் பூசுங்கள்.

திசையிலும் இரண்டு முறைக்கும் கணக்கு மாறும். கான்கிரீட் தரையுள்ள கட்டுத்தறிக் கொட்டகை கிழக்கு மேற்காக நீண்டிருந்தால் வெயில் உள்ளே குறைவாக வரும். மண் தரையுள்ள திறந்த பட்டியில் கூரை வடக்கு தெற்காக நீண்டால் நிழல் நகர்ந்துகொண்டே போகும், ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை வெயில் பட்டுக் காயும்.

புகைபோல் நீர் தூவும் கருவிகளை ஈரோடு, கோவை போன்ற வறண்ட ஊர்களில் கோடையில் பயன்படுத்தலாம். சென்னை, கடலூர், நாகைக் கரையோரம் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். அங்கே முதுகு நனையும்படி ஒரு நிமிடம் தண்ணீர் தெளித்து, பத்து நிமிடம் மின்விசிறி ஓட விடுங்கள். நீர் விலா வழியே மடிக்கு இறங்கும் முன் நிறுத்த வேண்டும். மின்சாரம் உள்ள கொட்டகையில் மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் கட்டாயம். ஈரத் தரையில் நாலு காலும் ஊன்றி நிற்கும் மாடு மனிதனைவிட எளிதில் மின்தாக்குதலில் சாகும்.

கஜா போன்ற புயல்கள் கண்ட கரையோர மாவட்டங்களில் தகரத்தைக் கொக்கி போல்ட்டால் சட்டத்தோடு இறுக்குங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மாட்டை அவிழ்த்து மேட்டு நிலத்துக்கு ஓட்டுங்கள், கட்டி வைத்தால் தண்ணீர் ஏறும்போது தப்ப வழியிருக்காது. பட்டி வேலிக்கு முள்கம்பி வேண்டாம், காம்பு கிழியும். ஐந்தடி உயரத்தில் இரும்புக் குழாயோ சவுக்குக் கட்டையோ போதும்.

பத்து மாட்டுக்கு ஒரு ஈற்று அறை, 12 சதுர மீட்டர், இரண்டு முறைக்கும் பொது. வழுக்காத மண் தரை, மேலே கனமாக வைக்கோல். தேதிக்கு இரண்டு வாரம் முன்பே சினை மாட்டை அங்கே கொண்டுபோய்விட வேண்டும்.

கட்டுத்தறியிலிருந்து திறந்த பட்டிக்கு மாறுகிறவர்கள் முதலில் வளர்ந்துபோன குளம்புகளை வெட்டிவிடுங்கள், பட்டிக்குள் ஆணி, கம்பித் துண்டு இருக்கிறதா என்று காந்தத்தை இழுத்துப் பாருங்கள். தீவனம் தின்று வயிறு நிறைந்த காலை நேரத்தில் எல்லா மாட்டையும் ஒன்றாக அவிழ்த்து விடுங்கள். இரண்டு, மூன்று நாள் முட்டிக்கொள்ளும், பிறகு அடங்கும். பிற்பாடு புது மாடு வாங்கினால் ஒற்றை மாடாகச் சேர்க்காமல் இரண்டு மாடாகச் சேர்த்தால் அடி பகிர்ந்து போகும். முதல் வாரம் இரவு பத்து மணிக்கு ஒருமுறை டார்ச் எடுத்துப் போய்ப் பாருங்கள். கூரைக்கு வெளியே தனியாக நிற்கும் மாடு எதுவோ அதுதான் கடைசி மாடு. மறுநாள் காலை அதைத் தொட்டியின் கோடி வளையத்தில் முதலில் கட்டித் தீவனம் வையுங்கள்.